ஒரே ட்ரேயில் முழுத்தொடை

பிரேக் மாஸ்டருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததற்கு அவரைத் தவிர வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் அவர் தொழில். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, சாலையில் ஒரு காக்கை தாழப் பறந்தாலும் "பிரேக்! பிரேக்!" என்று கத்துவார். கத்துவதோடு நிற்கமாட்டார். கற்றுக்கொடுக்கிற வண்டியில் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அதையும் ஒரு மிதி மிதித்துவிடுவார். ஓட்டுகிறவரின் நெற்றி ஸ்டியரிங்கில் போய் முட்டும். வீட்டிலும் அதே வழக்கம்தான். மனைவி எண்ணெய் ஊற்றினால் "போதும் போதும்" என்பார். கல்லூரிக்குப் போகிற மகள் படியிறங்கினால் "பாத்து பாத்து" என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, பல் குத்திக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்.

"சமையல்ங்கிறது என்ன பெரிய வித்தையா? ஒரு ட்ரே. நடுவுல கறி, சுத்தி உருளைக்கிழங்கு. ஓவன்ல தள்ளிக் கதவச் சாத்தினா அது பாட்டுக்கு வேகுது. கழுவறதுக்கும் ஒரே ஒரு பாத்திரம். இதுக்குப் போயி நீங்கல்லாம் நாள் பூரா அடுப்படியில நின்னு அல்லாடுறீங்க."

மாமியார் தண்ணீர் டம்ளரை வாயருகில் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். மனைவி சிரித்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள் அவள். ஊசி குத்துவதற்கு முன்னால் ஆளிடம் சிரிக்கிற அதே சிரிப்பு.

"சரிங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மாவும் அண்ணனும் நம்ம வீட்டுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரட்டும். நீங்களே செய்ங்க. நான் அடுக்களைப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

மச்சான் தீயணைப்பு நிலையத்தில் அதிகாரி. "நான் சும்மா வரட்டுமா, இல்ல வண்டியோட வரட்டுமா மாப்பிள்ளை?" என்றார்.

வீடே சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை.

ஒரு வாரம் போனதே தெரியவில்லை. ஞாயிறு காலையில் கறிக்கடைக்குப் போய் ஆட்டின் பின்னந்தொடை ஒன்றைக் கேட்டார். கடைக்காரர் கத்தியை ஓங்கியபோது மாஸ்டர் பதறிப்போய்க் கையை நீட்டினார்.

"வெட்டாதீங்க! முழுசா வேணும்."

"முழுசாவா? எதுல வெச்சு வேக வைக்கப் போறீங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியும். நீங்க குடுங்க."

கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டுச் சுற்றிக் கொடுத்தார். அங்கிருந்து மாஸ்டர் பாத்திரக் கடைக்குப் போனார். தொடையை நீட்டி வைத்தால் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் உருளைக்கிழங்கு உருண்டு விளையாட வேண்டும் என்று மனக்கணக்குப் போட்டு, கடையிலேயே பெரிய ட்ரேயாகப் பார்த்து வாங்கினார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் தெருவில் நடந்தபோது பார்த்தவர்களுக்கு, யாரோ கதவைக் கழற்றி எடுத்துப் போவது போல இருந்தது.

மனைவி சொன்ன சொல் தவறவில்லை. அம்மாவைக் கூட்டிவரப் போகிறேன் என்று மத்தியானமே கிளம்பிவிட்டாள். மகள் மட்டும் அடுக்களை வாசற்படியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

ஆரம்பமெல்லாம் அமர்க்களமாகத்தான் இருந்தது. மாஸ்டர் தொடையைக் கழுவித் துடைத்தார். கத்தி நுனியால் அங்கங்கே கீறி, உப்பும் மிளகுத்தூளும் எண்ணெயும் சேர்த்துக் கைவலிக்கத் தேய்த்தார். உருளைக்கிழங்கைப் பாதி பாதியாக நறுக்கிச் சுற்றிலும் பரப்பினார். பூண்டை உரிக்க ஆரம்பித்தவர், நாலு பல் உரிப்பதற்குள் நகக்கண் எரிய, மீதியைத் தோலோடு அப்படியே போட்டார். எலுமிச்சம்பழங்களை இரண்டாக அரிந்து இடுக்குகளில் செருகினார். மேலே வெண்ணெயை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவருக்கே கண்ணில் நீர் தளும்பியது. கையில் ஒட்டியிருந்த பூண்டோடு கண்ணைத் தொட்டதுதான் காரணம்.

"கதவத் திற," என்றார் மகளிடம்.

அவள் ஓவனின் கதவைத் திறந்தாள். மாஸ்டர் ட்ரேயைத் தூக்கிப் போய்த் தள்ளினார். 'டங்' என்றது. உள்ளே போகவில்லை.

சற்று வலப்பக்கம் சாய்த்துத் தள்ளினார். போகவில்லை. பின்னால் எடுத்து, திருப்பி, அகலவாட்டில் தள்ளினார். அதுவும் டங்.

"ரிவர்ஸ்ல போட்டுப் பாருங்கப்பா," என்றாள் மகள்.

"கிண்டலா?"

"நீங்கதானப்பா சொல்லுவீங்க, நேரா நுழையாத எடத்துல ரிவர்ஸ்ல நுழையும்னு."

மாஸ்டர் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துவிட்டு, யாருக்கும் தெரியாதபடி ரிவர்ஸிலும் போட்டுப் பார்த்தார். ட்ரே ஓவனைவிட ஒரு விரற்கடை பெரியது. அதற்கு யார் என்ன செய்ய முடியும்? ஓவனோடு வந்த பழைய சின்ன ட்ரேயில் தொடையை வைத்தால், கால் எலும்பு தெருவைப் பார்க்கிற மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வீட்டில் இருந்த கத்தி தக்காளி நறுக்குவதற்கே யோசிக்கிற கத்தி. எலும்பை அது என்ன செய்யும்? கறிக்கடைக்குப் போன் போட்டார். கடை அடைத்தாயிற்று.

"காலு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கட்டும்ப்பா. கதவத் தொறந்து வெச்சே வேகவைக்கலாம்," என்றாள் மகள். "இல்லன்னா கேக்கம்மாகிட்ட கேளுங்க. அவங்க ஓவன் பீரோ மாதிரி இருக்கும்."

மாஸ்டர் முகம் சுருங்கியது.

கேக்கம்மா இரண்டு மாடி கீழே குடியிருப்பவர். வீட்டிலேயே ஆர்டர் எடுத்துக் கேக் செய்து கொடுப்பவர். பெரிய ஓவன் இருப்பது உண்மைதான். ஆனால் போன மழைக்காலத்தில் அவர் மாஸ்டரிடம் கார் கற்றுக்கொள்ள வந்திருந்தார். ஐந்தாவது நாள், நடுச் சந்தியில், மாஸ்டர் மூச்சுவிடாமல் "பிரேக்! பிரேக்!" என்று கத்த, கேக்கம்மா வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து மாஸ்டரின் மடியில் வைத்து, கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்த அடி இன்னும் மாஸ்டரின் காதில் இருந்தது. அன்றிலிருந்து லிஃப்டில் எதிர்ப்பட்டால் கேக்கம்மா மாடி எண்களையே உற்றுப் பார்ப்பார். மாஸ்டர் தன் செருப்பைப் பார்ப்பார்.

கடிகாரத்தைப் பார்த்தார். தொடையைப் பார்த்தார். மச்சானின் முகம் மனக்கண்ணில் வந்தது. ட்ரேயைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

கதவைத் திறந்த கேக்கம்மாவின் கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது. அவர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டரின் கையிலிருந்த பச்சைத் தொடையைப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"ஒரு சின்ன உதவிம்மா. எங்க ஓவன்ல இது நுழைய மாட்டேங்குது. உங்க ஓவன் சும்மா இருந்தா…"

கேக்கம்மா கன்னத்து மாவைப் புறங்கையால் துடைத்தார். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்றே மாஸ்டர் நினைத்தார்.

"ஓவன் சும்மாதான் இருக்கு. தர்றேன். ஆனா எனக்கு ஒரு காரியம் ஆகணும்."

மேசைமேல் மூன்றடுக்குக் கேக் ஒன்று மேலே திறந்த பெட்டிக்குள் நின்றது. யாருடைய பிறந்தநாளுக்கோ, ஊரின் அந்தக் கோடிக்குப் போக வேண்டிய கேக். கேக்கம்மாவிடம் இப்போது சொந்தக் கார் இருந்தது. ஆனால் லைசென்ஸ் இல்லை, பழகுகிறவர்களுக்கான அனுமதி மட்டும்தான். ஓட்டுத் தேர்வில் இரண்டு தடவை தோற்றாயிற்று. பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்தால்தான் வண்டியை எடுக்கலாம். வழக்கமாக உட்காருகிற தம்பிக்குக் காய்ச்சல்.

"நான்தான் ஓட்டுவேன். நீங்க பக்கத்துல கேக்க மடியில வெச்சுக்கிட்டு உக்காரணும்," என்றார் கேக்கம்மா. "ஆனா வாயத் தொறக்கக் கூடாது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வந்துச்சு, வண்டிய ஓரங்கட்டிட்டு வீட்டுக்குப் போன் பண்ணி ஓவன நிறுத்தச் சொல்லிருவேன்."

மாஸ்டர் வாயைத் திறந்து, உடனே மூடிக்கொண்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார் கேக்கம்மா.

ட்ரே அந்த ஓவனுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. அப்படியும் பக்கத்தில் இன்னொரு ட்ரேக்கு இடம் இருந்தது. மகளைக் காவல் வைத்தார்கள். நடுவில் ஒரு தடவை கிழங்கைப் புரட்டிவிட்டு, ட்ரேயில் ஊறும் சாற்றைக் கரண்டியால் எடுத்துக் கறிமேல் ஊற்ற வேண்டும்.

"மேலயிருந்து யாரு வந்து கேட்டாலும் ஒண்ணும் சொல்லாத," என்று மாஸ்டர் அவளிடம் கிசுகிசுத்தார். "வேறொருத்தர் வீட்டு ஓவன்னு தெரிஞ்சா உங்க மாமா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு."

கார் கிளம்பியது. மாஸ்டரின் மடியில் கேக் பெட்டி கைக்குழந்தை போல உட்கார்ந்திருந்தது. கேக்கம்மா தெருமுனையில் திரும்பியபோது மாஸ்டரின் உதடுகள் தாமாகப் பிரிந்தன. அவற்றை உள்ளே மடித்துப் பற்களால் கவ்விக்கொண்டார். வேகத்தடை வந்தது. அவருடைய வலது கால் தரையை மிதித்தது. கீழே பிரேக் எங்கே இருக்கிறது? வெறும் மிதியடிதான். அதைப் பள்ளம் விழும்படி மிதித்தார். ரவுண்டானாவில் ஒரு கை அனிச்சையாக ஸ்டியரிங் பக்கம் நகர்ந்தது.

"சார்," என்றார் கேக்கம்மா, திரும்பிப் பார்க்காமல்.

கை பெட்டிக்குத் திரும்பியது.

அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது. தலையை மட்டும் தாழ்த்திப் பைக்குள் பார்த்தார். மனைவி. எடுக்கக் கையும் இல்லை, பேச வாயும் இல்லை. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை அடித்தபோது அதில் கோபம் கேட்டது என்று மாஸ்டர் பிற்பாடு சத்தியம் செய்தார்.

கடைத்தெருவில்தான் அது நடந்தது. நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் முன்னாலிருந்து ஒரு கிழவர் கைத்தடியோடு சாலையில் இறங்கினார். மாஸ்டரின் பல்லில் 'பிரேக்' என்ற சொல் வந்து முட்டியது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால் வண்டி நின்றிருந்தது. குலுங்காமல், கிறீச்சிடாமல், தொட்டிலை நிறுத்துவதுபோல நின்றிருந்தது. கேக்கம்மா கிழவரைப் பார்த்துத் தலையசைத்தார். கிழவரும் தலையசைத்துவிட்டுச் சாவகாசமாகக் கடந்து போனார். கேக்கின் மேலே இருந்த சர்க்கரைப்பூகூட அசையவில்லை.

பஸ் நின்றதைப் பார்த்தபோதே இந்தம்மா காலை பிரேக்குக்கு மாற்றியிருக்க வேண்டும் என்று மாஸ்டர் நினைத்தார். தான் கத்தாமல் இருந்து ஒருவர் வண்டி நிறுத்தியதை அவர் இதுவரை பார்த்ததே இல்லை. கத்தாமல் இருந்தால்தானே பார்க்க முடியும்!

கேக்கை முழுசாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். திரும்பி வந்து, கட்டடத்தின் கீழே இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருந்த இடுக்கில் கேக்கம்மா ஒரே வீச்சில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினார். மாஸ்டருக்கு அடக்க முடியவில்லை.

"அருமையா ஓட்டினீங்கம்மா."

"வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல? நான் இன்னும் இன்ஜினே நிறுத்தல." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் கண்ணாடியில் அவர் சிரித்தது தெரிந்தது.

இதற்குள் மேலே வீட்டில் என்ன நடந்தது என்பதை மகள்தான் பிற்பாடு அறிந்து வந்து சொன்னாள். விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். அடுக்களையில் ஆளில்லை, கறியில்லை. கிண்ணமும் தட்டும் கரண்டியுமாக மேடை முழுக்க இறைந்து கிடந்தது. நடுவில் நாலு பூண்டுத்தோல். மச்சான் நேராக ஓவனிடம் போனார். கதவில் புறங்கையை வைத்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார்.

"இது இன்னிக்கு சூடே ஆகல," என்று தீர்ப்பு சொன்னார். "இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ். எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளை ஹோட்டலுக்கு ஓடியிருக்காரு."

"போன் அடிச்சா எடுக்கவும் மாட்டேங்கிறாரு," என்றாள் மனைவி. ஊசிச் சிரிப்பு அவள் முகத்தில் இல்லை. ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

கேக்கம்மா வீட்டில் ஓவனைத் திறந்ததும் அடித்த வாசனையில் மாஸ்டர் அப்படியே ட்ரேயின் பக்கம் குனிந்துவிட்டார். தொடை தேன் நிறத்தில் முறுகியிருந்தது. கிழங்குகளின் ஓரம் பொன்னாகிக் கீழே சாறு கொதித்துக்கொண்டிருந்தது. கனத்த துணிகளைக் கையில் சுற்றிக்கொண்டு மாஸ்டர் ஒரு பக்கமும் கேக்கம்மா மறுபக்கமும் பிடிக்க, மகள் முன்னால் ஓடிப்போய் லிஃப்டை நிறுத்தினாள். லிஃப்டுக்குள் இருந்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் அடுத்த மாடியிலேயே இறங்க வேண்டியவர். அவர் இறங்கவில்லை. ட்ரேயைப் பார்த்தபடியே மாஸ்டரின் மாடிவரைக்கும் வந்துவிட்டு, "கீழதான் போகணும்," என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னார்.

ட்ரே சாப்பாட்டு மேசையில் இறங்கியது. மச்சான்தான் முதலில் வாய் திறந்தார்.

"ஓ, இப்படியா சேதி! கேக் பண்ற அம்மாவ வெச்சு வேலைய முடிச்சிட்டீங்களா மாப்பிள்ளை?"

"ஐயோ, நான் ஓவன் மட்டும்தாங்க குடுத்தேன்," என்றார் கேக்கம்மா.

"பாத்தியா, எவ்வளவு நல்ல மனசு. மாப்பிள்ளைய விட்டுக்குடுக்காமப் பேசுது."

"மச்சான், சத்தியமா நான்தான் செஞ்சேன்!"

"அப்ப போன ஏன் எடுக்கல?" என்று கேட்டாள் மனைவி.

"மடியில கேக் இருந்துச்சு. அதோட பேசவும் கூடாது."

"பேசக் கூடாதா? நீங்களா?"

அதைக் கேட்டு மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உண்மையைச் சொல்லச் சொல்ல மாஸ்டரின் பேச்சு பொய்யைவிடக் கேவலமாக ஒலித்தது. மகள் சாட்சி சொன்னாள். "நீ எப்பவும் அப்பா கட்சி," என்று ஒரே வார்த்தையில் மாமா அவளைத் தள்ளிவிட்டார்.

மாமியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ட்ரேயின்மேல் குனிந்தார். ஒரு கரண்டியை எடுத்துக் கிளறினார்.

"இங்க பாரு. பூண்டு தோலோட கிடக்கு. நாலே நாலு மட்டும் உரிச்சிருக்கு." இன்னும் கொஞ்சம் கிளறினார். "இந்தா, எலுமிச்சம்பழத்துல கடைக்காரன் ஒட்டின ஸ்டிக்கர். அதையும் சேத்து வேக வெச்சிருக்கு." நிமிர்ந்து கேக்கம்மாவைப் பார்த்தார். "கைத்தொழிலா சமைக்கிற பொண்ணு இப்படிச் செய்யுமா? இது மாப்பிள்ளையேதான். சந்தேகமே வேண்டாம்."

மாஸ்டருக்கு மாமியாரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இப்படி ஒரு வக்காலத்துக்கு நன்றி சொல்வதா, கோபித்துக்கொள்வதா என்றும் தெரியவில்லை.

கேக்கம்மா கிளம்பப் பார்த்தார். மாமியார் விடவில்லை. "உங்க அடுப்புல வெந்தத நீங்க சாப்பிடாம நாங்க சாப்பிடறதா? உக்காருங்க," என்று கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

மச்சான் கத்தியை எடுத்துத் தொடையை அரிந்தார். வெளியே முறுகலாகவும் உள்ளே பூப்போலவும் பிரிந்து விழுந்தது. எலும்பை ஒட்டின பக்கம் சற்றுச் சிவப்பாகத்தான் இருந்தது. அதை மச்சான் சுட்டிக்காட்டினார். சுட்டிக்காட்டிய கையோடு அந்தத் துண்டையே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே உருளைக்கிழங்குக்குக் கையை நீட்டினார். உப்பு ஒரு இம்மி தூக்கல். ஆனால் அந்த உப்பையும் சாற்றையும் குடித்திருந்த உருளைக்கிழங்கு இருக்கிறதே, அதற்கு மேசையில் அடிதடி நடக்காத குறை. தோலோடு வெந்த பூண்டை மாமியார் விரலால் பிதுக்கினார். வெண்ணெய் மாதிரி வழுக்கி வந்தது. "அட!" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த கேக்கம்மாவுக்கும் ஒன்று பிதுக்கிக் கொடுத்தார்.

மாஸ்டரின் கண் முழுக்க மனைவியின் தட்டில்தான் இருந்தது. அவள் ஒரு துண்டு சாப்பிட்டாள். கிழங்கு ஒன்றை எடுத்தாள். பிறகு கையை நீட்டி, யாரையும் கேட்காமல், ட்ரேயிலிருந்து இரண்டாவது துண்டை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள்.

"ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன்," என்றாள் தாழ்ந்த குரலில், அவர் பக்கம் சாய்ந்து. "அண்ணன் சொன்ன மாதிரி நீங்க ஹோட்டல் பொட்டலத்தோட வந்து நின்னா நான் என்ன செய்யறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். சண்ட போடத் தோணல. அத நானே வாங்கி யாருக்கும் தெரியாம ட்ரேயில கொட்டி வெச்சிரலாம்னு இருந்தேன்."

மாஸ்டர் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார்.

"நல்லா இருக்குங்க," என்றாள் அவள். இதை மட்டும் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள்.

இப்படி ஒரு கட்டம் வந்தால் என்ன பேச வேண்டும் என்று மாஸ்டர் வாரம் முழுக்க குளியலறையில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். மச்சானுக்கென்றே அதில் நாலு வரி தனியாக இருந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து வாய் நிறையக் கிழங்கு. சுடச்சுட வேறு இருந்தது. அதை மென்று, ஊதி, விழுங்கி முடிப்பதற்குள் பேச்சு எங்கேயோ போய்விட்டது. மாமியார் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தார். கேக்கம்மா எந்த வைத்தியரிடம் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மச்சான் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ட்ரேயில் ஒரே ஒரு கிழங்கு பாக்கி இருந்தது. மகளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் அதைக் கத்தியால் இரண்டாக்கி, பெரிய பாதியை அவள் பக்கம் தள்ளினார்.